‘ஹோப்’ என்பதோடு ‘இங்’ சேரும்போது ‘பீ’ ஏன் இரட்டிப்பதில்லை?

கோண்டாவில் ஆசிரியை:
தரம் 8 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னபோது, ‘உங்களைக் காண்பேன் என்று நம்புகிறேன்’ என எழுத நினைத்த மாணவன் ஒருவன் ‘ஹோப்பிங்’ என்பதில் ‘பீ’யை இருமுறை எழுதிவிட, மாமாவைக் காண அவன் கெந்திக் கெந்தி வருகிறான் என்று பொருள் மாறிவிட்டது. விதியைக் கொப்பியில் எழுதுவித்திருக்கிறேன். ஒப்புவிக்கிறார்கள், எழுதும்போது தவறுகிறார்கள். வேறு வழி உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:
ரீச்சர், இந்த விதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்கிறது நன்னூல். கல்லோடு ‘இல்’ சேர்ந்தால் கல்லில், காலோடு சேர்ந்தால் காலில். கெந்துதலைக் குறிக்கும் ‘ஹொப்’ குறில், ஆகவே ‘பீ’ இரட்டும். நம்புதலைக் குறிக்கும் ‘ஹோப்’ நெடில், இரட்டாது. அதன் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ‘ஈ’ எழுத்து, முன்னுள்ள உயிர் நெடில் என்று காட்டத்தான் நிற்கிறது. ‘இங்’ வந்ததும் அது விலகும். மெய்யில் தொடங்கும் ‘ஃபுல்’ வந்தால் விலகாது. காசு, இல்லை என்பன சேர்ந்து காசில்லை ஆகும்போது நமது குற்றியலுகரமும் இப்படித்தானே ஓடுகிறது?

ஆங்கில ஆசிரியர், பருத்தித்துறை:
ஐயா காட்டிய வழி ஓரசைச் சொற்களுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால், அந்த மாணவனின் பிழையும் தமிழிலிருந்தே வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். உயிர்களுக்கிடையே தனி ‘ப’ வந்தால் நாம் அதை மெலிதாக வாசிப்போம் என்பதால், ‘ஹோப்பிங்’ என்று தமிழில் எழுதும்போது ஒற்றை இரட்டித்தே ஆகவேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழ் உச்சரிப்பு எழுதிவைக்கும் பிள்ளை அந்த இரட்டிப்பை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது.

ஈரசைச் சொற்களில் அழுத்தத்தையும் பார்க்கவேண்டும். ‘பிகின்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் ‘என்’ இரட்டும். ‘ஓப்பன்’ என்பதில் முதலசையில் விழுவதால் இரட்டாது. தமிழில் இப்படியான அழுத்தம் இல்லாததால் நான் மேசையில் தட்டிக் காட்டுவேன். ‘ட்ரவல்’ போன்ற சொற்களில் அழுத்தம் முதலசையில் இருந்தும் பிரித்தானியர் ‘எல்’லை இரட்டிப்பர், அமெரிக்கர் இரட்டார், நமது பாடசாலைகளில் பிரித்தானிய வழக்கே.

கோண்டாவில் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. இன்று கல், கால், ஹொப், ஹோப் நான்கையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதினேன். ‘மிக்ஸ்’ என்பதில் ‘எக்ஸ்’ ஏன் இரட்டவில்லை என்று ஒருத்தி கேட்டாள். அந்த ஓரெழுத்துக்குள்ளேயே ‘க்’, ‘ஸ்’ என இரண்டு ஒற்றுகள் இருக்கின்றன என்றேன். பிறகு அந்த மாணவனின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். சொல்லுக்கு மேலே, அழித்தும் அழியாமல், பென்சிலில் ‘ஹோப்பிங்’ என்றுதான் இருந்தது.