ஒற்றை டேங்குக்கு எத்தனை கிலோ விங்? அனுபவப் பகிர்வு

ஆழி

ஸ்கூபா டைவிங்கில் டேங்கோடு முதுகில் மாட்டி, மிதப்புக்காகக் காற்று ஊதும் பைதான் விங்; கிலோ என்பது அது தூக்கும் அளவு. அதை வாங்கக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது "என் எடை 85 கிலோ, எத்தனை கிலோ விங் வேண்டும்?" என்றுதான். உடல் எடையை வைத்து விங்கைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆள் குண்டோ ஒல்லியோ, மூழ்குவதற்கான ஈயம் சரியாகக் கட்டியிருந்தால் டைவ் முடியும் நேரத்தில், டேங்கில் 50 பார் (அழுத்த அலகு) காற்று மிச்சமிருக்கும்போது, 5 மீட்டரில் விங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு ஏறாமல் இறங்காமல் நிற்கலாம். அந்த நிலையில் விங்குக்கு வேலையே இல்லை.

வேலை வருவது இரண்டு காரணங்களால். டைவ் தொடங்கும்போது டேங்கில் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு, சாதாரண அழுத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1.2 கிராம். 11.1 லிட்டர் அலுமினிய டேங்கை 207 பாருக்கு நிரப்பினால் (11.1 × 207, சுமார் 2,300 லிட்டர்) கிட்டத்தட்ட 2.7 கிலோ காற்று. 12 லிட்டர் டேங்கில் 200 பார் என்றால் 2.9 கிலோ. 15 லிட்டரை 232 பாருக்கு ஏற்றினால் 4 கிலோவை ஒட்டி வரும். அடுத்தது வெட்சூட், அதாவது குளிர் தாங்கப் போடும் நியோப்ரீன் ரப்பர் உடை. நியோப்ரீனில் இருக்கும் குமிழிகள் 10 மீட்டரில் பாதியாகவும், 30 மீட்டரில் கால்வாசியாகவும் சுருங்குகின்றன. நியோப்ரீன் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்றாலும், கணக்குக்கு 30 மீட்டரில் சூட்டின் மிதப்பில் முக்கால் பங்கு போய்விடும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. காற்றின் எடையையும் சூட் இழப்பதையும் கூட்டினால் முதல் எண் கிடைக்கும்.

இரண்டாவது எண் வேறு வகை. நீரின் மேல்மட்டத்தில், டேங்க், விங் எல்லாம் சேர்ந்த செட்டைக் கழற்றிப் படகில் கொடுக்கும்போது, ஆள் இல்லாத அந்தச் செட் முழு டேங்கோடு தானாகவே மிதக்க வேண்டும். இரண்டில் எது பெரிதோ அதன்மேல் ஒன்றிரண்டு கிலோ சேர்த்தால் அதுதான் விங்.

அவரவர் செட்டுக்கு வந்த எண்களையும், தண்ணீரில் அடிக்கடி கண்ணில் படும் கோளாறுகளையும் போடுங்கள்.

கடல்கொக்கு

எண்களைப் பட்டியலில் பார்த்து எடுப்பதைவிட நேரடியாக எடை போட்டுவிடுவது நல்லது. பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும்.

டேங்கை முழுதாக நிரப்பி, பேக்பிளேட் (டேங்கையும் விங்கையும் முதுகில் தாங்கும் தகடு), ரெகுலேட்டர் (மூச்சுக்கருவி), டார்ச், செட்டிலேயே மாட்டும் ஈயம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுங்கள். விங்கில் காற்று ஏற்றி இறக்கும் குழாயான இன்ஃப்ளேட்டரை வாயில் வைத்து, விங்கில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வெறுமனே பட்டனை அழுத்திப் பிழிந்தால் அரை லிட்டராவது உள்ளே தங்கும், தராசு அரை கிலோ குறைத்துக் காட்டும். நீச்சல் குளத்தின் ஓரத்திலிருந்து வால்வுக்குக் கீழே கயிறு போட்டுத் தராசில் தொங்கவிடுங்கள். செட் முழுவதும் நீருக்குள் இருக்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. தராசு காட்டுவதுதான் செட்டை மிதக்கவைக்க வேண்டிய அளவு. ஆழி சொன்ன இரண்டாவது எண் இதுவே.

வெட்சூட்டுக்கு: நன்றாக ஊறவைத்து, கைகளிலும் கால்களிலும் சிக்கிய காற்றைப் பிதுக்கி எடுத்து, சுருட்டி வலைப்பையில் போடுங்கள். பை மூழ்கும் எல்லைக்கு வரும்வரை ஈயத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகவும். ஈயமும் கொஞ்சம் தண்ணீரை ஒதுக்குவதால் அதன் எடையில் 9 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். 6 கிலோ ஈயம் பிடித்தால் சூட்டின் மிதப்பு ஐந்தரை கிலோ.

பழைய சூட்டாக இருந்தால் இந்தச் சோதனை இன்னும் அவசியம். பலமுறை ஆழம் பார்த்த 5 மில்லிமீட்டர் சூட் புதிய 3 மில்லிமீட்டர் சூட் அளவுக்குத்தான் மிதக்கும். கையால் அமுக்கிப் பார்த்தாலே தெரியும், பஞ்சுபோல் திரும்பி எழாது.

பாறைமீன்

மூன்று அமைப்புகளுக்கு எண்கள்.

முதலாவது, வெதுவெதுப்பான நீர், 3 மில்லிமீட்டர் சூட், 11.1 லிட்டர் அலுமினிய டேங்க், ஸ்டீல் பேக்பிளேட். சூட் மிதப்பு 2 கிலோ, 30 மீட்டரில் ஒன்றரை போகும். காற்று 2.7. ஆக 4.2. செட்டுக்கு: நிரம்பிய டேங்க் 0.7, பிளேட் நீருக்குள் 2.3, ரெகுலேட்டரும் சில்லறைச் சாமான்களும் 1. மொத்தம் 4. இதற்கு 8 கிலோ விங் தாராளம். மேல்மட்டத்தில் சூட் முழு மிதப்போடு இருப்பதால் ஆளையும் செட்டையும் சேர்த்துக் காற்றின் எடையான 2.7 மட்டுமே கீழே இழுக்கும். மீதி 5 கிலோவுக்கு மேல் தலையை நீருக்கு வெளியே வைத்திருக்க உதவும். தலையின் எடை சுமார் 5 கிலோ என்பதால் அதுவும் சரியாக இருக்கும்.

இரண்டாவது, குளிர்ந்த நீர், ஒரே துண்டு 7 மில்லிமீட்டர் சூட், 12 லிட்டர் ஸ்டீல் டேங்க். சூட் 7 கிலோ மிதந்தால் ஆழத்தில் 5.2 போகும், காற்று 2.9, ஆக 8.1. ஸ்டீல் டேங்க் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். நிரம்பியது 4 கிலோ இழுக்கும் என்று வைத்தால் 4, 2.3, 1, டேங்க் பட்டையில் மாட்டிய 2 கிலோ ஈயம் எல்லாம் சேர்ந்து 9.3. 8 கிலோ விங்கோடு இந்தச் செட்டைக் கழற்றிக் கையை விட்டால் அடியில் போய்த்தான் எடுக்க வேண்டும். 12, 13 கிலோ சரியான அளவு.

மூன்றாவது, இரண்டு துண்டு 7 மில்லிமீட்டர் சூட்டும் தலையுறையும் சேர்ந்து 11 கிலோ மிதப்பு, 15 லிட்டர் டேங்க். இழப்பு 8, காற்று 4, மொத்தம் 12. இதற்கு 14 முதல் 16 கிலோ விங் தேவை.

மூன்றாவது அமைப்பில் விங்கை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. 30 மீட்டரில், டேங்க் நிரம்பியிருக்கும்போது விங் கிழிந்தால் 12 கிலோ கீழே இழுக்கும். 4, 5 கிலோவைக் காலில் மாட்டிய துடுப்பால் அடித்துத் தூக்குவதே பெரும்பாடு. ஆகவே ஈயத்தில் ஒரு பெரும்பகுதியாவது ஒரே கையால் கழற்றிவிடக்கூடியதாக இருந்தே ஆக வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் அவ்வளவு தடித்த வெட்சூட்டோடு ஆழம் போவதைவிட, தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட்டுக்கு மாறுவது மேல்.

நுரை

இவ்வளவு கணக்கு எதற்கு? 13 கிலோ விங் ஒன்று வாங்கிவிட்டால் 3 மில்லிமீட்டரிலிருந்து டிரைசூட் வரைக்கும் ஓடிவிடும். முக்கால்வாசிப் பேர் அதைத்தானே வைத்திருக்கிறார்கள்?

பாறைமீன்

நுரை, ஒரே விங்தான் வாங்க முடியும் என்றால் 13 கிலோ மோசமில்லை. எண்ணைவிட வடிவத்தைப் பார்த்து வாங்குங்கள். 13 கிலோவைக் குறுகலாகத் தைத்ததும் உண்டு, அகலமாகத் தைத்ததும் உண்டு. குறுகலானது 3 மில்லிமீட்டர் சூட்டோடும் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

அலைவாய்

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய விங் போட்டவர் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நடுநிலையில் நிற்கத் தேவையான காற்று, விங்கின் அளவைப் பொறுத்து மாறாது. 3 லிட்டர் தேவை என்றால் 8 கிலோ விங்கிலும் 3 லிட்டர்தான், 20 கிலோ விங்கிலும் 3 லிட்டர்தான். சின்ன விங்கில் அந்த 3 லிட்டர் கட்டுக்கோப்பாக நிற்கும். பெரிய விங்கில் அது ஓட இடம் இருக்கிறது. தலை சாய்ந்தால் தோள் பக்கம் ஓடும், கால் உயர்ந்தால் இடுப்புப் பக்கம் ஓடும், ஒருக்களித்தால் மேலே இருக்கும் பக்கத்துக்குப் போய் ஆளை மேலும் புரட்டும்.

குப்புற நீந்தும்போது காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடும். ஒற்றை டேங்கின் விட்டம் 17 முதல் 20 சென்டிமீட்டர்தான். அதன்மேல் அகலமான விங்கை, குறிப்பாக இரட்டை டேங்குக்கென்று தைத்ததை, மாட்டினால் இரண்டு ஓரங்களும் எழும்பி டேங்கின் இருபுறமும் சுவர்போல நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் டேங்க் கண்ணுக்கே தெரியாது. காற்று அந்த மடிப்புகளின் உச்சியில் மாட்டிக்கொள்ளும். காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வோ கீழே, இடுப்புக்கு அருகே இருக்கும். கயிற்றை இழுத்தாலும் நான்கு குமிழி வந்து நின்றுவிடும், விங் காலி என்று ஆள் நினைத்துக்கொள்வார், மேலே ஏறும்போதுதான் மீதிக் காற்று விரிந்து இழுக்க ஆரம்பிக்கும். கடைசி 6 மீட்டரில் பலூன்போல மேலே போகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நடக்கிறது.

ஓரங்களை மீள்கயிறு (எலாஸ்டிக்) போட்டு இழுத்துக் கட்டிய விங்குகள் இதற்குத் தீர்வு என்று சிலர் வாங்குகிறார்கள். வேண்டாம். காலியாகும்போது கயிறு துணியைச் சுருக்கிச் சுருக்கி இன்னும் சின்னச் சின்னப் பைகளாக்கும், காற்று அவற்றில் தங்கும். வாயால் ஊதும்போது கயிற்றின் இழுவிசையையும் சேர்த்து எதிர்த்து ஊத வேண்டும்.

வளைய வடிவமா, குதிரை லாட வடிவமா? ஒற்றை டேங்குக்கு வளையம். அடிப்பக்கம் இணைந்திருப்பதால் வலப்பக்கக் காற்று கீழ்வழியாகவே இடப்பக்க டம்ப் வால்வுக்கு வந்துவிடும். லாட வடிவத்தில் உடம்பைச் சாய்த்து, தோள் வழியாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பழகியவருக்கு அது பெரிய வேலை இல்லைதான்.

கடல்கொக்கு

அலைவாய் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். விங் போதவில்லை என்று பெரிதாக வாங்குகிறவர்களில் பலருக்கு உண்மையில் ஈயம்தான் அதிகம். 3 கிலோ கூடுதல் ஈயம் கட்டினால் 20 மீட்டரில் அதைச் சமாளிக்கவே 3 லிட்டர் காற்று கூடுதலாக ஊத வேண்டும். அந்த 3 லிட்டர் 5 மீட்டருக்கு வரும்போது 6 லிட்டர், விடாமல் வந்தால் மேல்மட்டத்தில் 9 லிட்டர். முதலில் 50 பாரில், 5 மீட்டரில், காலி விங்கோடு நின்று பாருங்கள். மூச்சை இழுத்தால் மெல்ல ஏறி, விட்டால் மெல்ல இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் ஒரு கிலோவைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். விங் அளவு பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

ஆழி

ஈயத்தை எங்கே கட்டுகிறோம் என்பதும் இரண்டாவது எண்ணை மாற்றும். 6 கிலோ ஈயத்தையும் செட்டிலேயே வைத்தால் பாறைமீனின் இரண்டாவது அமைப்பு 13 கிலோவைத் தாண்டிவிடும். 4 கிலோவை இடுப்புப் பெல்ட்டுக்கு மாற்றினால் பழையபடி 9.3. இன்னொரு லாபமும் உண்டு. ஈயம் எல்லாம் செட்டில் இருக்க, நீருக்குள் அதைக் கழற்ற நேர்ந்தால், 7 மில்லிமீட்டர் சூட் போட்டவர் மேலே போவார், செட் கீழே போகும். இரண்டையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்திருக்க முடியாது.

பாறைமீன்

விங்கில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. பல விங்குகளில் பவுண்டில்தான் இருக்கும்: 18 பவுண்டு 8.2 கிலோ, 30 பவுண்டு 13.6, 40 பவுண்டு 18.1. உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க, விங்கைப் பிளேட்டோடும் டேங்கோடும் மாட்டிய நிலையிலேயே டம்ப் வால்வு தானாகத் திறக்கும்வரை காற்று நிரப்பி, ஆழமான குளத்தில் விட்டு, செட் முழுக்க முங்கும்வரை ஈயத்தைத் தொங்கவிட்டுக்கொண்டே வரலாம். தொங்கவிட்ட ஈயத்தில் 9 சதவீதம் கழித்து, முன்பு தராசு காட்டிய எண்ணைக் கூட்டினால் விங்கின் உண்மையான தூக்குதிறன்.

குளம் கிடைக்காவிட்டால் டம்ப் வால்வைக் கழற்றி, விங்குக்குள் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. தனியாகக் கிடக்கும் விங், மாட்டியதைவிடக் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், பிளேட்டுக்கும் டேங்குக்கும் இடையில் நசுங்கும் பகுதி அப்போது விரிந்திருப்பதால்.

டம்ப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், அது பொருந்தி மூடும் இடத்தில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தாலும், விங் நிரம்புவதற்கு முன்பே காற்று கசியும். 13 கிலோ விங் 9 கிலோ விங்காகிவிடும். ஒவ்வொரு டைவுக்கு முன்பும் நன்றாக ஊதி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

அலைவாய்

வாங்குமுன் டேங்கோடு மாட்டிப் பாருங்கள். விங்கின் கீழ் ஓரம் டேங்கின் அடியைத் தாண்டித் தொங்கினால் நீளம் அதிகம், அங்கே சேரும் காற்று காலைத் தூக்கும். மேல் ஓரம், டேங்க் வால்வில் மாட்டும் முதல்நிலை ரெகுலேட்டரை முட்டினால் தலையைப் பின்னால் சாய்க்க இடமிருக்காது. விங்கிலேயே டேங்க் உருளாமலிருக்கப் பட்டைகள் தைத்திருந்தால், ஒற்றை டேங்கைப் பிளேட்டில் பொருத்தும் தனி அடாப்டர் தேவையில்லை, பின்னால் துருத்துவதும் குறையும்.

இன்ஃப்ளேட்டர் ஒட்டிக்கொண்டு தானாகக் காற்று ஏறும்போதும் சின்ன விங்குக்கு ஒரு நன்மை உண்டு. அது சீக்கிரம் நிரம்பி வால்வு வழியாக வழிந்துவிடும், ஆளைத் தூக்கும் விசைக்கு ஒரு எல்லை இருக்கும். எந்த அளவானாலும் முதலில் செய்ய வேண்டியது, இன்ஃப்ளேட்டருக்குக் காற்று தரும் தாழ்வழுத்தக் குழாயைப் பிடுங்குவது, பிறகுதான் காற்றை விடுவது. கையுறை போட்ட கையால் பிடுங்க முடிகிறதா என்று கரையிலேயே பழகிவிடுங்கள். உப்பு படிந்த இணைப்பு சட்டென்று கழலாது.

நுரை

சரி, டிரைசூட்டுக்கு? ஏரியில் ஒரு வாரம், கடலில் ஒரு வாரம் என்று போகிறவர் இரண்டு விங் வைத்திருக்க வேண்டுமா?

ஆழி

டிரைசூட்டில் ஆழம் போகப் போக உள்ளே காற்று சேர்த்துக்கொண்டே போவதால் சூட் மிதப்பை இழப்பதில்லை. விங் சமாளிப்பது டேங்கின் காற்றை மட்டும். ஆனால் கழுத்தில் நீர் புகாமல் இறுக்கும் பட்டையோ ஜிப்போ விட்டுப்போய்ச் சூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், உள்ளாடை பிடித்திருந்த காற்று வெளியேறிவிடும். அந்த இழப்பில், கழற்றிவிடக்கூடிய ஈயம் போக மிச்சத்தை விங் தாங்க வேண்டும். மெல்லிய உள்ளாடையும் அலுமினிய டேங்கும் என்றால் 13 கிலோ போதும். தடித்த உள்ளாடையோடு ஸ்டீல் டேங்க் போட்டால் 16 பக்கம் போங்கள்.

ஏரிக்கும் கடலுக்கும் விங் மாற்ற வேண்டாம், ஈயம்தான் மாறும். கடல்நீரின் அடர்த்தி இரண்டரை சதவீதம் அதிகம். ஆளும் செட்டும் சேர்ந்து 110 கிலோ என்றால் கடலுக்கு இரண்டே முக்கால் கிலோ கூட்டுங்கள், ஏரிக்குத் திரும்பும்போது அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.