டென்மார்க்காரர் திருகோணமலைக்கு வந்தார்களா? அண்ணன் மகளிடம் தோற்கும் நிலையில் கேட்கிறேன்

உவர்மலை ரீயூசன் சேர்:

அண்ணன் குடும்பம் டென்மார்க்கிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்திருக்கிறது. நேற்றுப் பின்னேரம் அவருடைய மகளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். பதினாறு வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள், வாய் கொஞ்சம் கூட.

பிரட்ரிக் கோட்டை வாசலில் நின்று என் வழக்கமான பாடத்தைத் தொடங்கினேன். கல்லில் செதுக்கிய இரட்டைக் கயல் மீன், கோயில் திருப்பணி செய்த குளக்கோட்டனின் கல்வெட்டு, பிறகு யார் யார் ஆள வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் அந்தப் பாட்டில் வரும் பூனைக்கண், செங்கண், புகைக்கண். அதாவது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர், ஆங்கிலேயர். எல்லாம் கேட்டுவிட்டு, “டெனிஷ் ஆக்களுக்கு எந்தக் கண், சித்தப்பா?” என்றாள்.

“நீ ஒல்லாந்தரைக் குழப்புகிறாய் பிள்ளை” என்றேன். “நான் அங்கேயே பிறந்தனான், எனக்கு வித்தியாசம் தெரியாதா?” என்று திருப்பிக் கேட்டாள். வாசலில் வாங்கிய கடலைச் சுருளை இந்த வாக்குவாதத்தில் இருவரும் மறந்துவிட்டோம். கோட்டை மான் ஒன்று வந்து பேப்பரோடு இழுத்துப் போய்விட்டது. கடைசியில் பந்தயம் ஐஸ்கிறீம்.

பதினெட்டு வருசமாக ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். டென்மார்க் பற்றி எனக்குத் தெரிந்தது அண்ணன் அனுப்பும் படங்களில் உள்ள பனியும் சைக்கிளும்தான். உண்மையிலேயே வந்தார்களா? அப்படி வந்து எங்களோடு அவர்களுக்கு என்ன கொடுக்கல் வாங்கல்?

பழைய வாத்தியார்:

தம்பி, ஐஸ்கிறீமை வாங்கிக் கொடும். பிள்ளை சொன்னது சரி.

போர்த்துக்கேயரைத் துரத்தக் கண்டி அரசன் செனரத்துக்குக் கப்பல் பலம் தேவைப்பட்டது. அவனிடம் இருந்த பொஷாவர் என்ற ஒல்லாந்த வியாபாரி தூதனாக ஐரோப்பா போனான். சொந்த ஊரில் காரியம் ஆகாமல் கோப்பன்ஹேகன் போய்ச் சேர்ந்தான். அங்கே மன்னன் நான்காம் கிறிஸ்தியன் 1616இல்தான் ஒரு கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கியிருந்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. 1618 கடைசியில் கப்பல்கள் புறப்பட்டன. தலைமை ஓவே கெட்டே. வயது இருபத்துநாலு நிறையவில்லை, இன்றைக்கென்றால் கம்பஸ் முடித்து வேலை தேடும் வயது.

வழியில் கூட்டத்தில் பாதிக்கு நோய். பொஷாவரும் கடலிலேயே போய்விட்டான். 1620 மே மாதம் இலங்கைக்கு வந்து, பொஷாவர் கோப்பன்ஹேகனில் செய்த ஒப்பந்தத்தைக் கெட்டே நீட்டினால், இவ்வளவுக்கு ஒப்புக்கொள்ள பொஷாவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்கிறான் செனரத்! கலியாணம் பேசிய தரகர் செத்துப்போனால் சீதனக் கணக்கை யாரிடம் கேட்பது?

இழுபறிக்குப் பிறகு டேனியர் எங்கள் கோணேசர் மலையில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள், முடிக்கவில்லை. இதற்கு முன்பே, முன்னுக்கு அனுப்பிய கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துக்கேயர் அடித்து நொறுக்க, தப்பியவர்கள் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த விபத்தில் பிறந்ததுதான் டேனியரின் தரங்கம்பாடிக் குடியேற்றம். 1620 நவம்பரில் நாயக்கரோடு ஒப்பந்தம், பிறகு டான்ஸ்போர்க் கோட்டை. நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தமிழில் எழுதிய தங்க ஓலை இன்றும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

தரங்கம்பாடிக்கு 1706இல் டென்மார்க் அரசன் அனுப்பிய ஜேர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்தார். புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது அங்கேதான். எங்கள் மலையில் அந்தக் கோட்டை முடிந்திருந்தால் அச்சுக்கூடம் இங்கே வந்திருக்குமோ என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு. 1845இல் தரங்கம்பாடியை, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

எங்களுக்கு நடந்தது வேறு. டேனியர் மலையில் கைவைத்ததைப் பார்த்த பிறகுதான் போர்த்துக்கேயர் இந்தத் துறைமுகத்தில் அவசரப்பட்டார்கள் என்பது என் கணிப்பு. சில வருசத்துக்குள் கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லிலேயே கோட்டை எழுந்தது. வாசலில் நீர் காட்டிய கல்வெட்டுத் துண்டு அப்படி வந்ததுதான்.

இன்னொன்று. உடைந்த அந்தக் கப்பலின் பெயர் ஓரசுண்ட். அது டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே உள்ள நீரிணையின் பெயர். அதன் கரையில் ஒரு கோட்டையை வைத்துக்கொண்டு, போகிற வருகிற கப்பலிடமெல்லாம் 1857 வரை நானூறு வருசத்துக்கு மேல் சுங்கம் வாங்கினார்கள். ஷேக்ஸ்பியரின் ஹம்லெட் நடப்பதும் அந்த எல்சினோர் கோட்டையில்தான். சின்ன நாடு, ஒரு வாசல், அதிலேயே சீவியம். எங்களுக்கு அதைவிடப் பெரிய வாசல், ஆனால் காசு வாங்கியது எப்போதும் வேறு யாரோ.

மட்டிக்களி மச்சான்:

வாத்தியார், இப்ப அவர்களுக்கும் அதே தலையிடிதான். டென்மார்க்கிடம் இருக்கும் கிரீன்லாந்து வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி கேட்கிறார். 1987 இலங்கை–இந்திய ஒப்பந்தக் கடிதத்தில் எங்கள் துறைமுகத்தின் பெயர் ஏறிய மாதிரி. நல்ல இடத்தில் காணி வைத்திருப்பவனுக்கு நித்திரை இல்லை.

சேர், ஐஸ்கிறீம் எனக்கும் சேர்த்து.

ஹேர்னிங் குளிர்:

நான் திருகோணமலையில் பிறந்து, எட்டு வயதில் இங்கே டென்மார்க்குக்கு வந்தவன். 1620 கதை எனக்கும் புதிது. ஆனால் கொடுக்கல் வாங்கல் என்ன என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் சமூகக் கல்விப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு தலைப்பு: ‘தமிழர் வழக்கு’. வகுப்பில் ஒரே தமிழன் நான். இருபது தலைகள் ஒன்றாகத் திரும்பின. எனக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது, தெரிந்த மாதிரித் தலையை ஆட்டினேன்.

விசயம் இதுதான். 1987இல், நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளை எடுப்பிக்கும் விண்ணப்பங்களைத் தேங்க வைத்தார். சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, எதையும் விரிப்புக்குக் கீழே தள்ளி மறைக்கவில்லை என்றார் பிரதமர் போல் ஷ்லூட்டர். விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வந்தது, ஆயிரக்கணக்கான பக்கம். அதே மாதம் பிரதமர் பதவி விலகினார், பத்து வருச ஆட்சி முடிந்தது. அமைச்சரை விசாரிக்க, அபூர்வமாகவே கூடும் அரச நீதிமன்றத்தைக் கூட்டினார்கள். 1995இல் நாலு மாத ஒத்திவைத்த சிறை.

நின்-ஹான்சன் யார் என்று தெரியாத டெனிஷ்காரருக்கும் அந்த விரிப்பு வசனம் தெரியும். பக்கத்து வீட்டுக் கிழவருக்கு நான் எந்த ஊர் என்று சொன்னதும் முதலில் அதைத்தான் சொன்னார், பிறகுதான் கோப்பி ஊற்றினார்.

உவர்மலை ரீயூசன் சேர்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார், ஐஸ்கிறீம் கொடுத்தாயிற்று, ஒன்றல்ல இரண்டு. தமிழர் வழக்கைப் பற்றி அவளிடம் கேட்டேன். “அது தெரியும் சித்தப்பா, நீங்கள் கேட்கவில்லையே” என்கிறாள்.

இன்று காலை வகுப்பில் பழைய நோட்டை எடுத்தேன். போர்த்துக்கேயர் 1505, ஒல்லாந்தர் 1658, ஆங்கிலேயர் 1796 என்று மூன்று வரி, பதினெட்டு வருசமாக அதேதான். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இடம் இல்லை, அதனால் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 1620, டேனியர், கோணேசர் மலை. முன்வாங்கில் இருப்பவன் உடனே கையைத் தூக்கினான்: “சேர், சோதினைக்கு வருமா?” வராது என்றேன். பேனையை மூடிவிட்டான்.