நாவலும் படமும்: ஒப்பிட்டுப் பார்ப்பவர்களின் குறிப்புகள் (பெங்களூர்)

அல்சூர்க்காரன்
ஒப்பிட உட்காரும் முன் எந்தப் பதிப்பு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் 'பொன்னியின் செல்வ'னை ஆளாளுக்குப் போட்டிருக்கிறார்கள். பக்க எண் சொன்னால் அடுத்தவருக்கு உதவாது; பாகமும் அத்தியாயமும் சொல்லுங்கள். சுருக்கப் பதிப்பை வைத்துக்கொண்டு "படத்தில் இது விட்டுப்போச்சு" என்று கிளம்பவே வேண்டாம், அதில் ஏற்கெனவே பாதி விட்டுப்போயிருக்கும்.

இரண்டாவது, நேரக் கணக்கு. ஐந்து பாகத்துக்கு இரண்டு படமும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம்தான். வெட்டாமல் முடியாது. அதனால் எதை வெட்டினார்கள் என்பதோடு நிற்காமல், அதை வெட்டியதால் வேறு எது சரிந்தது என்று பாருங்கள்.

கே.ஆர்.புரம் வாசகி
அண்ணா சொன்னதற்கு நல்ல உதாரணம் சேந்தன் அமுதன். 'பொன்னியின் செல்வன்' நாவலில், சோழ அரியணைக்கு உரிமை உள்ள உண்மையான மதுராந்தகன் அவன்தான். அதுவரை மதுராந்தகன் என்று நடமாடியவன் நந்தினியோடு பிறந்த இரட்டை. படத்தில் இந்தக் குழந்தை மாற்றத்தையே எடுத்துவிட்டார்கள். திரைக்கதைக்கு இது பெரிய மிச்சம்: மதுராந்தகனை வளர்த்த செம்பியன் மாதேவியின் ரகசியம், நந்தினியைப் பெற்ற ஊமை ராணியின் இன்னொரு குழந்தை, பூங்குழலியின் முடிவு என்று நாலைந்து முடிச்சுகளை அவிழ்க்கும் வேலை இல்லாமல் போகிறது.

ஆனால் விலை கடைசியில் தெரிகிறது. நாவலில் அருள்மொழி முடியை எடுத்து வைப்பது பூ கட்டி வாழ்ந்த, ஆசையே இல்லாத ஒருவனின் தலையில். படத்தில் அது போய்ச் சேருவது, அதற்காகவே சதி செய்த மதுராந்தகனிடம். செயல் ஒன்றுதான், 'தியாக சிகரம்' என்ற ஐந்தாம் பாகத் தலைப்பின் எடைதான் மாறிவிடுகிறது. படத்தில் கடம்பூர் மணிமேகலை என்ற பாத்திரம் இல்லாததைப் பற்றி எல்லோரும் புலம்புகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது.

சிவாஜிநகர் 51
வெட்டியதை விட்டுவிட்டு, கதை யார் கண் வழியாகப் போகிறது என்று பாருங்கள். பூமணியின் 'வெக்கை' (1982) நாவல் சரியான பாடம். முதல் வரியிலேயே பதினைந்து வயதுப் பையன் வடக்கூரானின் கையை மட்டும் வெட்டத்தான் திட்டமிட்டிருந்தான் என்பது வந்துவிடும். ஆனால் ஆள் செத்துவிட, அதன்பின் எட்டு நாள் தலைமறைவு. கொலையைவிட, எங்கே தண்ணீர், எதைச் சமைப்பது, புகை வெளியே தெரியுமா என்பதுதான் பக்கங்களை நிரப்புகிறது. அப்பாவின் பழைய கதை பேச்சுவாக்கில் வந்து போகும்.

அதிலிருந்து வந்த 'அசுரன்' (2019) படம் அந்தப் பேச்சை எடுத்து முழு பிளாஷ்பேக்காக ஊதியது. பஞ்சமி நிலமும் (தலித்துகளுக்கென ஒதுக்கிய நிலம்) குடிசை எரிப்பும் படத்தில் சேர்ந்தவை. கதை பையன் கையிலிருந்து அப்பா கைக்குப் போய்விட்டது. நட்சத்திரத்துக்காக மட்டும் என்று சொல்லமாட்டேன். ஒளிந்திருக்கும் எட்டு நாளை அப்படியே எடுத்தால் இடைவேளைக்குத் திருப்பம் எங்கே?

செய்முறையாகச் சொன்னால்: நாவலில் ஓர் அத்தியாயம் முடிந்ததும் ஓரத்தில் இரண்டே குறிப்பு. யார் பார்க்கிறார், எத்தனை நாள் கழிந்தது. படத்துக்கும் காட்சி வாரியாக அதையே எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கதை எங்கே கைமாறியது என்று பத்து நிமிடத்தில் பிடிபடும். ஓ.டி.டி.யில் பார்த்தால் நிமிடக் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தியேட்டர் பிரதியோடு சில சமயம் ஒத்துப்போகாது, அதனால் எந்தப் பிரதி என்றும் போடவும்.

அல்சூர்க்காரன்
51 சொல்வது 'விசாரணை' படத்துக்குப் பொருந்தாதே? அங்கே கண் மாறவில்லை, புத்தகத்தின் கதையே பாதியில் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மூலமான மு.சந்திரகுமாரின் 'லாக்கப்' ஆந்திராவின் குண்டூர்க் காவல் நிலையத்தோடு சரி. தமிழ்நாட்டுக்கு வந்தபின் நடப்பதெல்லாம் படத்துக்காகச் சேர்ந்தது. இரண்டாம் பாதியைப் புத்தகத்தில் தேடி ஏமாந்தவர்கள் நிறைய.

ஜாலஹள்ளி பஸ்
நம்ம ஊரில் இருந்துகொண்டு சுஜாதாவைப் பேசாவிட்டால் எப்படி? பி.இ.எல்.லில் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) வேலை பார்த்துக்கொண்டே எழுதிய மனுஷன். 'ப்ரியா' நாவல் லண்டனில் நடக்கிறது, 1978 படம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. இடம் மாறியது சின்ன விஷயம். கணேஷ் என்பவன் தள்ளி நின்று பார்க்கும் வக்கீல். ரஜினி வந்ததும் அவனுக்குப் பாட்டும் ஜோடியும் தேவைப்பட்டுவிட்டது. சுஜாதாவின் ருசி வாக்கியத்தில் இருக்கிறது, சம்பவத்தில் அல்ல. அந்தக் குறும்பு கதைசொல்லியோடது. கேமராவுக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. (அதே படம் கன்னடத்திலும் எடுக்கப்பட்டது, அம்பரீஷ் இரண்டிலும் உண்டு. பழைய சிடி கிடைத்தால் எந்த மொழி என்று பார்த்து வாங்கவும்.)

கன்னடம் புரிகிறவர்கள் 'தபரன கதெ'யையும் (1986) சேர்த்துக்கொள்ளுங்கள். பூர்ணசந்திர தேஜஸ்வியின் சிறுகதை, காசரவள்ளி இயக்கம், தபரனாக நம்ம சாருஹாசன். தேசிய விருது வாங்கினார். நாவலைச் சுருக்குவதைவிடச் சிறுகதையை நீட்டுவது எப்போதும் கௌரவமாக வருகிறது என்பது என் கட்சி. ஓய்வூதியத்துக்காக ஒரு மனிதன் மேஜை மேஜையாக அலைவதைக் கதை சில வரிகளில் சொல்லிவிடலாம். படம் நம்மையும் கூடவே நிற்க வைக்கிறது.

கே.ஆர்.புரம் வாசகி
ஜாலஹள்ளி சார், நீட்டுவது எப்போதும் கௌரவம் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஜெயகாந்தனே 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை நாவலாக நீட்டும்போது, மகள் தலையில் தண்ணீர் ஊற்றி "நீ சுத்தமாயிட்டே" என்கிற அம்மாவை ஊரைக் கூட்டும் அம்மாவாக மாற்றித்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுத முடிந்தது. அதே பெயரில் வந்த படத்தை அந்த நாவலோடு ஒப்பிட வேண்டும், சிறுகதையோடு அல்ல. இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது.

சிவாஜிநகர் 51
குழப்பம் என்றதும் நினைவு வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' படித்துவிட்டு அதே பெயருள்ள 1995 படத்தைத் தேடிப்போகாதீர்கள், அது வேறு கதை, இந்தியிலிருந்து வந்தது. அந்த நாவலின் படம் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்', 1983.