மதுரையின் மக்கள்தொகை: ஒரே கணக்கெடுப்பில் இரண்டு எண்கள் வருவது ஏன்?

கேள்வி: திருநகர் ஆசிரியர்

வணக்கம். பள்ளி மாணவர்களின் பொது அறிவுப் போட்டிக்கு வினாத்தாள் தயாரித்து வருகிறேன். மதுரையின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 10.17 லட்சம் என்று ஒரு நூல் சொல்கிறது. அதே கணக்கெடுப்பைக் காட்டி 14.65 லட்சம் என்கிறது மற்றொரு நூல். கோயம்புத்தூருக்கும் அப்படியே 10.5 லட்சம், 21.36 லட்சம் என இரண்டு எண்கள் உள்ளன. முதல் எண்களை வைத்தால் இரு நகரங்களும் ஏறத்தாழச் சமம். இரண்டாவதை வைத்தால் கோவை வெகுதூரம் முந்திவிடுகிறது. உலகின் பெரிய நகரம் டோக்கியோ என்றே இதுவரை கற்பித்து வந்தோம். இப்போது ஜகார்த்தா என்கிறார்கள். எதைச் சரியான விடையாக அச்சிடுவது?

பதில்: வைகை வடகரை

ஐயா, இரண்டு நூல்களிலும் பிழையில்லை. 10.17 லட்சம் என்பது அன்றைய மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்களின் எண்ணிக்கை. அந்த எல்லையின் பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டர்தான். கணக்கெடுப்பு பிப்ரவரியில் நடந்தது. உங்கள் திருநகரும், திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர், விளாங்குடி போன்ற பகுதிகளும் மாநகராட்சியோடு சேர்ந்து, பரப்பு சுமார் 148 சதுர கிலோமீட்டராகவும் வார்டுகள் 72இலிருந்து 100ஆகவும் உயர்ந்தது அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான். ஒருவரும் குடிபெயராமலே ஊர் பெருத்துவிட்டது. இந்த விரிந்த எல்லையின் எண்ணை 2001ஆம் ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டு, ‘மதுரையின் அபார வளர்ச்சி’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

14.65 லட்சம் என்பது நகர்ப்புறத் தொகுப்பின் எண். மைய நகரையும், அதை ஒட்டி இடைவெளியின்றி வளர்ந்த நகராட்சிகள், பேரூராட்சிகள், கணக்கெடுப்பு நகரங்கள் ஆகியவற்றையும் ஒன்றாக எண்ணுவது இந்த முறை. நிர்வாகத்தில் ஊராட்சியாகவே இருக்கும் ஓர் ஊரில் குறைந்தது 5,000 பேர் வாழ்ந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தி இருந்து, முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மைக்கு வெளியே வேலை செய்தால், அதைக் கணக்கெடுப்பு நகரம் என்று வகைப்படுத்துவார்கள்.

அன்றைய கோவை மாநகராட்சியின் பரப்போ சுமார் 105 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ அதே மக்கள் மதுரையில் அதில் பாதி இடத்தில் வாழ்ந்தார்கள். எனவே இரு மாநகராட்சிகளும் சமம் என்பது எல்லைக்கோடுகள் தற்செயலாக அப்படி அமைந்ததன் விளைவு. கோவையைச் சுற்றித் தொழிற்கூடங்களும் ஆலைகளும் சிறு நகரங்களை வளர்த்திருந்தன; மதுரையைச் சுற்றியோ கண்மாய்ப் பாசன வயல்கள் பல பக்கம் ஊருக்கு அருகிலேயே தொடங்கிவிடும். தொகுப்பு எண்ணில் தெரியும் வேறுபாட்டுக்கு, என் கருத்தில், இதுவே முக்கியக் காரணம்.

பதில்: முன்னாள் வார்டு உறுப்பினர்

எனக்கு இதில் உடன்பாடில்லை. குடிநீர், குப்பை, சொத்து வரி எல்லாம் மாநகராட்சி எல்லையோடு நிற்கின்றன. சட்டத்தில் உள்ள எல்லை ஒன்றுதான். தொகுப்பு என்பது புள்ளிவிவரத்துக்காக வரைந்த கோடு. மாணவர்களுக்கு மாநகராட்சி எண்ணையே கொடுங்கள்.

பதில்: வைகை வடகரை

குப்பை வண்டி எத்தனை வேண்டும் என்று கணக்கிட உங்கள் எண் போதும், ஐயா. ஆனால் நகரங்களை ஒப்பிட அது உதவாது. சீனாவின் சோங்சிங் நிர்வாகப் பரப்பு ஏறத்தாழ 82,400 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். மலைகளும் வயல்களும் நிறைந்த அந்த எல்லைக்குள் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.2 கோடிப் பேர் இருந்தனர். சட்ட எல்லைதான் அளவுகோல் என்றால் அதை உலகின் மிகப்பெரிய நகரம் என்றே எழுத வேண்டிவரும்.

ஜகார்த்தா செய்தியும் இதே வகைதான். 2018இல் ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை டோக்கியோவுக்கு 3.7 கோடி என்றது. அப்போது அந்தந்த நாடு தரும் எல்லையையே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். 2025 அறிக்கையில் எல்லா நாடுகளுக்கும் ஒரே விதி: நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, குறைந்தது 1,500 பேர் வாழும் கட்டங்கள் அடுத்தடுத்துத் தொடர்ந்து, மொத்தம் 50,000 பேரை எட்டினால் அது நகரம். அதன்படி ஜகார்த்தா ஏறத்தாழ 4.2 கோடியுடன் முதலிடம் பெற்றது. டாக்கா இரண்டாவது, டோக்கியோ 3.3 கோடியுடன் மூன்றாவது. டோக்கியோவின் இறங்குமுகத்துக்குப் பெரிய காரணம் அளவுகோல் மாறியதே. முழுக் குறைபாடற்ற விதி என்று இதையும் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா ஊருக்கும் ஒன்றாகப் பொருந்துகிறது.

கேட்டவர்: திருநகர் ஆசிரியர்

இருவருக்கும் நன்றி. வினாவை இப்படி மாற்றலாமா: ‘2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மதுரை நகர்ப்புறத் தொகுப்பின் மக்கள்தொகை ஏறத்தாழ எவ்வளவு?’ தில்லி பெரியதா, மும்பை பெரியதா என்றும் ஒரு வினா வைத்திருக்கிறேன்.

பதில்: வைகை வடகரை

முதல் வினா நன்றாக இருக்கிறது. இரண்டாவதை நீக்கிவிடுங்கள். நம் கணக்கெடுப்பில் மும்பைத் தொகுப்பு 1.84 கோடி, தில்லித் தொகுப்பு 1.63 கோடி. குருகிராம், நொய்டா, காசியாபாத் ஆகியவை வேறு மாநிலங்களில் இருப்பதால் தில்லியோடு சேர்க்கப்படவில்லை; ஐக்கிய நாடுகள் அவை மாநில எல்லையைத் தாண்டி எண்ணுவதால் அங்கே தில்லி முந்துகிறது. எந்த விடையை அச்சிட்டாலும் பெற்றோர் ஒருவராவது மேல்முறையீட்டுக்கு வருவார்.