மீட்டிங்கில் யாரும் வாயே திறப்பதில்லை, என்ன செய்ய?

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு): போன மாதம்தான் மேனேஜர் ஆனேன். "ஏதாவது யோசனை?" என்று கேட்டால் எட்டுப் பேரும் மேசையைப் பார்க்கிறார்கள், ஆனால் கீழே மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது அதே ஆட்கள் யோசனையாகக் கொட்டுகிறார்கள்.

பதில் 1: அண்ணே, முதலில் நீங்கள் பேசுவதைக் குறையுங்கள். என் பழைய பாஸ் தன் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் எங்களைக் கேட்பார், அப்புறம் யார் மறுப்பார்கள்? பெயர் இல்லாமல் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பதில் 2: சீட்டு சரி, நேரம்? அமெரிக்காவின் த்ரீஎம் (3M) நிறுவனத்தில் வேலை நேரத்தில் 15 விழுக்காடு சொந்த யோசனைகளுக்கு, 1948-இலிருந்தே. நம் ஊரில் வெள்ளிக்கிழமை அரை நாள் விட்டாலே பெரிது!

பதில் 3: இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்பாதீர்கள். யாராவது நெகிழ்வு நேரம் கேட்டு எழுதிக் கொடுத்தால் இழுத்தடிக்கவும் வேண்டாம், 2023 முதல் மலேசியச் சட்டப்படி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கேட்டவர்: இன்று சீட்டு கொடுத்தேன். எட்டில் மூன்று, "ஏர்கோனைக் குறையுங்கள்".