ஜிப்ஸி முன்பக்கம் டக் டக் சத்தம், டிஃபரன்ஷியலை இறக்கத்தான் வேண்டுமா?

வாலிநோக்கம் வண்டி:
பழைய மாருதி ஜிப்ஸி ஜீப், கையால் திருப்புகிற ஹப் லாக் (முன்சக்கரத்தை ஆக்சிலோடு சேர்ப்பதும் விடுவிப்பதும் அதுதான்). கரையில் வலை, ஐஸ் பெட்டி ஏற்றுவதுதான் வேலை. கொஞ்ச நாளாக ஃபோர் வீலில் (நாலு சக்கரமும் இழுக்கிறபடி) போட்டு மணலில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் இடது முன்சக்கரப் பக்கம் டக் டக் என்கிறது. ஹப்பை ஃப்ரீயில் விட்டு சாயல்குடி ரோட்டில் போனால் சத்தமே இல்லை. மெக்கானிக் முன் டிஃபரன்ஷியலை (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரத் தொகுதி) இறக்கச் சொல்கிறார். செலவை நினைத்தால் தூக்கம் வரவில்லை அண்ணே.

மண்டபம் பட்டறை:
இறக்காதீங்க தம்பி. ஹப் ஃப்ரீயாக இருந்தால் டூ வீலில் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்போது) முன்பக்கத்தில் சக்கரம் மட்டும்தான் சுற்றும், ஆக்சில், டிஃபரன்ஷியல், முன் ஷாஃப்ட் எல்லாம் சும்மா நிற்கும். அதில் சத்தம் இல்லை என்றால் வீல் பேரிங், டயர் இரண்டிலும் கோளாறு இல்லை. அடுத்து ஹப்பை லாக் செய்து, கியரை டூ வீலிலேயே விட்டு அதே ரோட்டில் நேராக ஓட்டிப் பாருங்கள். இப்போது முன்பக்கம் முழுக்கச் சுமை இல்லாமல் சுற்றும். ஊங்காரம் கேட்டால் டிஃபரன்ஷியல், வேகம் கூடக்கூட அதிர்ந்தால் ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் இருக்கிற சிலுவை மூட்டு). எதுவும் இல்லாமல் ஒடிக்கும்போது மட்டும் டக் டக் என்றால் நக்கிளுக்குள் (முன்சக்கரம் திரும்புகிற உருண்டை மூட்டு) இருக்கிற சி.வி. ஜாயிண்ட்தான் (சக்கரம் ஒடிந்தாலும் ஆக்சில் சுழற்சியைக் கடத்துகிற இணைப்பு), தொண்ணூறு சதவீதம்.

ஒன்று, தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்துச் சோதிக்க வேண்டாம். முன், பின் ஆக்சிலுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி, நல்ல வண்டியே முறுக்கிக்கொண்டு சத்தம் போடும்.

வாலிநோக்கம் வண்டி:
ஓட்டிப் பார்த்தேன், நேராகப் போனால் சுத்தம். ஆனால் இடது நக்கிள் உருண்டையில் கிரீஸ் எண்ணெய் மாதிரி வழிந்து, மணல் அப்பிக் கிடக்கிறது. வலது பக்கம் அப்படி இல்லை.

கீழக்கரை ஆள்:
ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது. டிஃபரன்ஷியல் ஆயில் அதன் வழியாக நக்கிளுக்கு வந்து கிரீஸைக் கரைத்துவிடும், ஜாயிண்ட் காய்ந்து தேயும். ஜாயிண்ட்டை மட்டும் மாற்றி சீலை விட்டால் காசு வீண். வெளியே இருக்கிற வைப்பர் சீலும் சேர்த்துப் போடுங்கள், மணலைத் தடுப்பது அதுதான். டிஃபரன்ஷியல் ஆயில் குறைந்திருக்கலாம், டாப்-அப் செய்யாமல் டிரெயின் போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கிப் பாருங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சிலை அலையில் இறக்கினால் உள்காற்று குளிர்ந்து சுருங்கி, பிரீதர் (ஆக்சிலின் காற்றுத் துளை) அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

மண்டபம் பட்டறை:
பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. ஷாஃப்ட் கிராஸ் மூடியைச் சுற்றித் துருப்பொடி தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது, இனி கிரீஸ் அடித்துப் பலனில்லை. ஷாஃப்டைக் கழற்றினால், திரும்ப அதே நிலையில் மாட்டுவதற்கு இரண்டு பக்கமும் பெயிண்டில் அடையாளம் போட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.