எண்ணெயும் இயற்கையும் மோதிய இடத்தில் நின்றதுண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தெம்பனிஸ்வாசி:
சிங்கப்பூரில் ஒரு எண்ணெய்க் கிணறுகூடக் கிடையாது. ஆனால் புக்கோமிலும் ஜூரோங் தீவிலும் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன, கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகிலேயே நாம்தான் முதலிடம். எங்கோ காட்டில் தோண்டுகிறார்கள், நமக்கென்ன என்று இருக்க முடியவில்லை. அதனால்தான் கேட்கிறேன். முதலில் என் கதை.

2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த எரிபொருள் கப்பல் மீது தூர்வாரும் கப்பல் ஒன்று மோதியது நினைவிருக்கும். சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா, லாப்ரடோர், ஈஸ்ட் கோஸ்ட், தென் தீவுகள் என எங்கும் கறுப்புப் பட்டை. நான் தன்னார்வலராகப் பதிந்து, எண்ணெய் இன்னும் வராத கரைகளைக் கண்காணிக்கும் குழுவில் சேர்ந்தேன். கயிறு கட்டிய பகுதிக்கு அந்தப் பக்கம் வெள்ளை உடுப்பில் ஊழியர்கள் மண்வெட்டியால் மணலைச் சுரண்டிப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் தமிழில்தான் பேசினார்கள். காலையில் வழித்துச் சுத்தம் செய்த இடத்தில் மாலை அலை மறுபடி கொண்டுவந்து போடுகிறது என்று ஒருவர் அலுத்துக்கொண்டார்.

மணலையாவது அள்ளலாம். சதுப்புநிலக் காட்டை என்ன செய்வது? அந்த மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டும் வேர்களால்தான் மூச்சு விடுகின்றன. அதில் எண்ணெய் படிந்தால் மரம் மூச்சுத் திணறிச் சாகும், சுரண்டப் போனால் வேர் உடையும். அதனால்தான் பெர்லேயர் ஓடைக்கு மிதவைத் தடுப்பு போட்டார்கள், எண்ணெய் எட்டாத செக் ஜாவாவுக்கும் முன்கூட்டியே போட்டார்கள். துறைமுகமும் ஆட்களும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் இவ்வளவு பாடு. ஆளே இல்லாத இடத்தில் கொட்டினால் யார் வந்து அள்ளுவது?

யார்டு வெல்டர்:
அண்ணே, நான் மறுபக்கத்து ஆள். இங்கே ரிக், அதாவது கடலில் எண்ணெய் தோண்டும் மேடை, கட்டும் யார்டில் பல வருஷம் வேலை பார்த்தேன். ஜாக்கப் ரிக்குக்கு மூன்று கால். கடலுக்குப் போனதும் அவற்றை அடித்தரை வரை இறக்கி, அதன் பலத்தில் மேடையைத் தண்ணீருக்கு மேலே தூக்குவார்கள். காலின் அடியில் ஸ்பட்கேன் என்று ஒரு பெரிய இரும்புப் பாதம் இருக்கும். களிமண்ணாக இருந்தால் அது பல மீட்டர் உள்ளே இறங்கிவிடும். அந்தப் பாதத்துக்குள் புகுந்து பற்றவைக்கிற வேலைதான் எனக்கு. வெக்கை தாங்காது.

எனக்குச் சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெயும் எரிவாயுவும், எடுக்க வேண்டாம் என்று ஜனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அதே வருஷம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் நின்றது. எங்கள் அத்தை வீடு அங்கே பக்கம். லீவில் போனபோது அந்த வரப்பில் நடந்து பார்த்தேன், வாடை அப்பவும் போகவில்லை. 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். புதுக் கிணறு கூடாது, ஆனால் ஏற்கெனவே ஓடுகிறது ஓடும்.

நீ கட்டுகிற ரிக்கும் யாரோ ஒருத்தன் கடலில்தானே நிற்கும் என்று அப்பா ஒருமுறை போனில் கேட்டார். தங்கச்சி கல்யாணம் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. அதற்காக வெட்கப்பட மாட்டேன். ஆனால் அப்பா கேட்டதும் நியாயம்தான்.

பொங்கோல் அக்கா:
தம்பி சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. வடதுருவ ஒளி பார்க்க அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போயிருந்தோம். ஒளி சரியாகத் தெரியவில்லை, மேகம். அங்கே ஒரு கூட்டத்தில் குவிச்சின் என்ற பூர்வகுடி இனத்து மூதாட்டி ஒருவர் பேசக் கேட்டேன். வடகோடியில் இருக்கும் ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடத்தைப் பற்றித்தான் பேச்சு. 1960-ல் ஏற்படுத்தியது, இப்போது 1.9 கோடி ஏக்கர். அதில் கடலோரச் சமவெளி 15 லட்சம் ஏக்கர்தான், அங்கே எண்ணெய் தோண்டலாமா என்ற சண்டை முழுக்க அந்தத் துண்டுக்கு.

காரிபூ மான்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தை ஒட்டி அங்கேதான் குட்டி போடும். கடல்காற்று அடிப்பதால் கொசு குறைவு, ஓநாயும் கரடியும் குறைவு, புல்லும் அப்போதுதான் தளிர்க்கும். பஞ்ச காலத்தில்கூடத் தங்கள் முன்னோர் அந்தச் சமவெளிக்குள் வேட்டைக்குக் கால் வைத்ததில்லை என்றார் அந்த அம்மா.

1984, 85 குளிர்காலங்களில் எண்ணெய் இருக்கிறதா என்று அதிர்வு வைத்துச் சோதிக்கக் கனரக வண்டிகளை ஓட்டினார்கள். ஒரு கிணறும் தோண்டாமல் வெறும் சோதனைதான். பல பத்தாண்டு கழித்தும் சில தடங்கள் டன்ட்ராவில், அந்த மரமில்லாத உறைநிலத்தில், மறையவில்லை. கசிந்தால்தான் கேடு என்று நாம் நினைக்கிறோம், அங்கே வண்டி போனதே தழும்பாக நிற்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தச் சமவெளியிலேயே இருக்கும் காக்டோவிக் கிராமத்து இனுபியாக் பூர்வகுடி மக்களில் பலர் தோண்டுவதை ஆதரிக்கிறார்கள். அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடம், மருத்துவ வசதி எல்லாம் எண்ணெய் வரியில் ஓடுவது. நம் வெல்டர் தம்பியின் வீட்டுக் கதைதான் அங்கேயும். 2025 ஜனவரியில் அங்கே தோண்டும் உரிமையை அரசு ஏலம் விட்டபோது ஒரு நிறுவனமும் கேட்க வரவில்லை. ஆனாலும் இன்னும் நான்கு ஏலம் விட்டே ஆக வேண்டும் என்று அதே வருஷம் சட்டம் போட்டுவிட்டார்கள்.

காப்பிக்கடை:
எல்லாரும் கிராப் வாடகைக் கார் பிடித்துத்தானே கடற்கரைக்குப் போனீர்கள்? சும்மா கேட்டேன்.

தெம்பனிஸ்வாசி:
பஸ்ஸில்தான் போனேன் லா. ஆனால் அதுவும் டீசல்தான், ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோல் போடுகிறவன் பேசக் கூடாது என்றால் உலகத்தில் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்பது வேறு கேள்வி இல்லையா?

மேற்குக் கரை:
அலாஸ்கா வரை போக முடியாதவர்கள் சைரீன் திட்டைப் பாருங்கள். ஜூரோங் தீவு, புக்கோம், பாசிர் பாஞ்சாங் முனையம் மூன்றுக்கும் நடுவில் கிடக்கிறது. நீர் நன்றாக வற்றும்போது மட்டும் வெளியே தெரியும். கடற்புல் மெத்தை, அதில் கை அகலத்துக்குக் குமிழ் குமிழாகக் கடல் நட்சத்திரங்கள். நிமிர்ந்தால் எண்ணெய்த் தொட்டிகள், ஆலைப் புகைபோக்கி. இயற்கை ஆர்வலர் குழுவோடு போனேன். படகில்தான் போக வேண்டும், தனியாகக் கிளம்பாதீர்கள். வருஷ நடுவில் பெரிய வற்று விடியற்காலையில் வரும், தூக்கத்தை விடத் தயாராக இருங்கள். பழைய காலணி போடுங்கள், கல்மீன் குத்தினால் தாங்காது.

யார்டு வெல்டர்:
ஞாயிற்றுக்கிழமை வற்று வந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.